எட்வர்ட் லாங்ஷாங்க்ஸ் கேம்பெயின், மூன்றாவது மிஷன்: படைக்குச் சோறு போட்டது யார்?

கல்கோட்டை

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டுக்கு லார்ட்ஸ் ஆஃப் த வெஸ்ட் என்ற கூடுதல் தொகுப்பு 2021இல் வந்தபோதே, அதிலுள்ள எட்வர்ட் கேம்பெயினை (தொடர் மிஷன்களாக வரும் கதையை) முடித்துவிட்டேன். இப்போது ஹார்டில் (கடின நிலையில்) மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். ஐந்து மிஷன்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவதுதான், ஆஃப் காசில்ஸ் அண்ட் கிங்ஸ். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்த கதை. ஆனால் ஆடும்போதெல்லாம் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்த இழை.

கேமில் ஒரு லாங்போ (நீள்வில்) வீரனை உருவாக்க 35 மரம், 40 தங்கம். கொடுத்தாயிற்றா, அதோடு சரி. அவனை மலை மேல் கொண்டுபோய் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அப்படியே நிற்பான். சாப்பாடு கேட்க மாட்டான், கூலி கேட்க மாட்டான், ஊருக்குப் போகிறேன் என்று கிளம்ப மாட்டான்.

நிஜ எட்வர்டுக்கு இந்த வசதி கிடையாது. 1277இல் அவர் வேல்ஸுக்குள் போனபோது, நிலத்துக்குக் கடமைப்பட்டு வந்த குதிரைப்படையினர் 40 நாள்தான் சொந்தச் செலவில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் சம்பளம். உச்சத்தில் காலாட்படை மட்டும் சுமார் 15,000 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தெற்கு வேல்ஸ்காரர்களே. அத்தனை வயிற்றுக்கும் அந்த மலைநாட்டில் தானியம் ஏது?

அவர் செய்ததைப் பாருங்கள். செஸ்டரிலிருந்து கடலோரமாகக் காட்டை வெட்டிப் பாதை போட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோடரிக்காரர்கள் படைக்கு முன்னால் போனார்கள். பக்கத்திலேயே கடலில் கப்பல்கள். ஃப்ளின்ட்டில் ஒரு கோட்டை, அடுத்து ரிட்லானில் ஒரு கோட்டை. பிறகு ஆங்கிள்சி தீவுக்குப் படையோடு சேர்த்து 360 அறுவடைக்காரர்களைக் கப்பலில் அனுப்பினார். விளைந்து நின்ற கதிரை அறுத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தீவுதான் வேல்ஸ் இளவரசர் லுவெலினின் குவினெத் நாட்டுக்கு நெற்களஞ்சியம் மாதிரி. குளிர்காலம் வருகிறது, மலை மேல் சாப்பாடு இல்லை. நவம்பரில் லுவெலின் பணிந்து அபெர்கான்வி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பெரிய போர் என்று சொல்லும்படி ஒன்றுகூட நடக்கவில்லை.

என் பார்வையில் அந்தப் போரை ஜெயித்தது அரிவாளும் கோடரியும் கப்பலும்தான். மிஷனில் இவை மூன்றுக்குமே இடமில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

லாங்போ_ரசிகன்

அண்ணா, முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த கேமில் கேசில் என்றாலே 650 கல். முன்னேறும் வழியில் நாலு கேசில் போட வேண்டுமென்றால் 2600 கல் வெட்டியாக வேண்டும். அதற்கு வில்லேஜர்களை (வேலையாட்களை) முன்னணிக்குக் கூட்டிப்போக வேண்டும், எதிரி கைக்குள் போகாமல் காப்பாற்ற வேண்டும். இது சப்ளை இல்லாமல் வேறென்ன? எட்வர்ட் ஃப்ளின்ட், ரிட்லான் என்று ஒவ்வொரு அடியாகக் கோட்டை போட்டு நகர்ந்ததை நாம் கேசில் ட்ராப் (எதிரிக்குப் பக்கத்திலேயே கோட்டை எழுப்புவது) என்று வேறு பெயரில் செய்கிறோம்.

நான் ஆடுகிற விதம் இதுதான். கேசில் ஏஜ் (ஆட்டத்தின் மூன்றாம் காலகட்டம்) வந்ததும் பிரிட்டன்களுக்கு, அதாவது நாம் ஆடும் தரப்புக்கு, டவுன் சென்டர் (ஊர் மையம்) மரச் செலவு பாதியாகிவிடும். உடனே இன்னும் இரண்டு போட்டு ஊரைப் பெருக்கிவிடுவேன். படையை முன்னால் அனுப்பும்போது பின்னாலேயே எட்டுப் பத்து வில்லேஜர்கள். ஒரு கேசில் எழும்பி முடியும்வரை ஒரு லாங்போவைக்கூட அதைத் தாண்டி நகர்த்த மாட்டேன். லாங்போ தனியாக மாட்டினால் ஸ்கர்மிஷர் (எறியீட்டி வீரன்) வந்தாலே கதை முடிந்தது. குதிரை வந்தால் சொல்லவே வேண்டாம். கேசில் நிழலில் நின்றால் யாரும் கிட்ட வர முடியாது. எலைட் ஆக்கி, யோமென் என்ற மேம்பாடு முதற்கொண்டு எல்லாம் ஆராய்ந்துவிட்டால் வீச்சு 12. முழுசாக மேம்படுத்திய எதிரிக் கேசிலுக்கே 11தான்.

எனக்கு இதுவே போதும். சோறு கணக்கெல்லாம் சேர்த்தால் கேம் வேகம் செத்துவிடும்.

கல்கோட்டை

தம்பி, ஆட்ட முறை அருமை. ஆனால் நீங்கள் சொன்னது கோட்டை கட்டும் செலவு. நான் கேட்பது படையை நிறுத்தி வைக்கும் செலவு. கல் சேரும்வரை உங்கள் படை சும்மா நிற்கிறதே, அந்தக் காத்திருப்புக்கு கேமில் விலையே இல்லை. எட்வர்ட் காத்திருந்த ஒவ்வொரு வாரமும் கஜானா கரைந்தது. அவர் ஏன் குளிர்காலத்துக்கு முன் முடிக்கத் துடித்தார், ஏன் தீவை முதலில் பிடித்தார் என்பதெல்லாம் இதை வைத்துத்தான் புரியும்.

ரிட்லான் கோட்டையை யோசித்துப் பாருங்கள். அது கடலோரத்தில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. க்ளூயிட் ஆறு வளைந்து வளைந்து போகும், கப்பல் வராது. அந்த ஆற்றை இரண்டு மைலுக்கு மேல் வெட்டி நேராக்கினார்கள். கோட்டை வாசலில் கப்பல் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு ஆற்றையே! இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே சரக்கு எப்படி வரும் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கிறது. நாம் மேட்டு நிலம் எங்கே என்று பார்த்துக் கேசில் போடுகிறோம். அவர்கள் தண்ணீர் எங்கே என்று பார்த்தார்கள்.

குவினெத்_வாசகன்

இழைக்கு நன்றி. கேம்பெயினின் மிஷன்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒரு இழையைச் சொல்கிறேன்.

முதல் மிஷனில் எதிரி சைமன் டி மான்ட்ஃபோர்ட். 1265இல் ஈவ்ஷாமில் அவரை எட்வர்ட் கொன்றுவிட்டார், முடிந்தது என்று நினைக்கிறோம். மூன்றாவது மிஷனின் லுவெலின் யாரை மணக்க நிச்சயித்திருந்தார் தெரியுமா? அதே சைமனின் மகள் எலினோரை. பிரான்சிலிருந்து கடல் வழியாக வந்த அந்தப் பெண்ணை எட்வர்டின் ஆட்கள் நடுக்கடலில் பிடித்துக்கொண்டார்கள். பழைய பகையாளியின் குடும்பமும் வேல்ஸ் இளவரசனும் ஒன்று சேர்வதை எட்வர்டால் பொறுக்க முடியவில்லை. லுவெலின் ஒப்பந்தத்துக்குப் பணிந்த பிறகு, 1278இல் வூஸ்டரில் அந்தக் கல்யாணத்தை எட்வர்டே முன்னின்று நடத்தி வைத்தார்.

அடுத்து நடந்தது வேதனையானது. 1282இல் எலினோர் பிரசவத்தில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று லுவெலின் கொல்லப்பட்டார். அவர்களுடைய ஒரே குழந்தை குவென்லியன். கைக்குழந்தையாகவே தூக்கிப்போய் இங்கிலாந்தின் செம்ப்ரிங்ஹாம் கன்னிமடத்தில் விட்டார்கள். 1337இல் சாகும்வரை அவர் அங்கேயே இருந்தார். லுவெலினின் தம்பி தாவித்தை 1283இல் பிடித்து ஷ்ரூஸ்பெரியில் கொடூரமாகக் கொன்றார்கள். தாவித்தின் இரண்டு சிறு பையன்களும் பிரிஸ்டல் கோட்டைச் சிறையிலேயே வளர்ந்து அங்கேயே முடிந்தார்கள்.

சப்ளை, கோட்டை, கப்பல் எல்லாம் சரி. எட்வர்டின் திறமையை வியக்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கதிரை அறுத்துக்கொண்டு போனால் பட்டினி கிடப்பது படைவீரன் மட்டுமில்லை. ஆங்கிள்சியில் அந்த வயலை உழுத குடும்பமும்தான்.

கல்கோட்டை

நண்பரே, நீங்கள் சொன்னது ரொம்ப முக்கியம். மிஷனில் சோற்றுக் கணக்கு வர வேண்டும் என்று நான் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போதைய வடிவத்தில் எதிரி என்றால் சிவப்பு, மஞ்சள் நிறத்தில் வந்து மோதும் படை, அவ்வளவுதான். வயலை அழித்தால் யார் வயிறு காயும் என்பது திரையில் தெரிவதே இல்லை.

கொத்தனார்_பேரன்

கோட்டை என்றதும் உள்ளே வந்துவிட்டேன். என் பங்குக்கு ஒரு கணக்கு.

எட்வர்டின் வேல்ஸ் கோட்டைகளுக்குப் பின்னால் இருந்த ஆள் மாஸ்டர் ஜேம்ஸ். செயின்ட் ஜார்ஜ்காரர், சவாய் பகுதியிலிருந்து வந்தவர். 1283இல் கான்வி, ஹார்லெக், கார்னார்வன் மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கின. ஆங்கிள்சியில் போமாரிஸ் 1295இல். இந்த நாலும் இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒரே பதிவாக இருக்கின்றன.

போமாரிஸ் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1296 பிப்ரவரியில், மாஸ்டர் ஜேம்ஸ் கஜானாவுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பணம் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் இதுதான் காரணம் என்று பட்டியல் போடுகிறார்: 400 கொத்தனார்கள், 2000 கூலியாட்கள், கல் உடைக்க 200 பேர், 30 கொல்லர்கள். 100 சிறு வண்டி, 60 பெரிய வண்டி. கல்லும் நிலக்கரியும் சுமந்து வர 30 படகு. வாரத்துக்கு 250 பவுண்ட் வேண்டும் என்கிறார். சம்பள பாக்கி ஏறிவிட்டது, ஆட்களை நிறுத்தி வைக்கவே கஷ்டமாக இருக்கிறது என்றும் சொல்கிறார்.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கடிதம் நெஞ்சில் தைக்கும். சைட்டில் ஆள் நிற்கிறான், சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும், மேலிடத்திலிருந்து காசு வரவில்லை. எழுநூறு வருடமாகியும் அந்தச் சிக்கல் மாறவே இல்லை.

நாலாவது மிஷன் டூம் டபார்ட் எந்த ஆண்டைப் பற்றியது என்று யோசியுங்கள். அதே 1296. எட்வர்ட் ஸ்காட்லாந்துக்குள் படையெடுத்த ஆண்டு. காசு வடக்கே போயிற்று. போமாரிஸ் கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்துக்கு எழும்பவே இல்லை. இன்றைக்கும் அந்தக் கோட்டை மொட்டையாகத்தான் நிற்கிறது. நாம் நாலாவது மிஷனை ஆடுகிறோமே, அதற்கான தங்கம் போமாரிஸ் சுவரிலிருந்து எடுத்தது என்றே சொல்லலாம். கேமில் மிஷனுக்கு மிஷன் கஜானா புதிதாக நிரம்பி வருவதால் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது.

லாங்போ_ரசிகன்

இது எனக்குத் தெரியாது. மொத்தமாக எவ்வளவு செலவாகியிருக்கும் அண்ணே?

கொத்தனார்_பேரன்

வேல்ஸ் கோட்டைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 80,000 பவுண்ட் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கான்விக்கு மட்டும் சுமார் 15,000. படைச் செலவு இதில் சேராது.

அந்தக் காசு எங்கிருந்து? 1275இல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கம்பளி மூட்டைக்கும் வரி போட்டார். அந்த வரியை அடமானமாக வைத்து, இத்தாலியில் லூக்கா நகரத்து ரிக்கார்டி வங்கிக்காரர்களிடம் கடன். படை கிளம்பும்போது ரொக்கம் அவர்கள் கையிலிருந்து வரும், வரி வசூலாகி வர வர கடன் அடையும். 1294இல் பிரான்சோடு சண்டை மூண்டபோது ரிக்கார்டிகளால் கேட்ட பணத்தைக் கொடுக்க முடியவில்லை. எட்வர்ட் அவர்களைக் கைவிட்டார், வங்கியே கவிழ்ந்தது.

அதே ராஜா 1290இல் யூதர்கள் எல்லோரையும் நாட்டைவிட்டே துரத்தினார். பார்லிமென்ட் பெரிய வரி ஒன்றுக்குச் சம்மதித்ததும் அந்தச் சமயத்தில்தான். இந்தக் கஜானாவின் கதையைப் பேசும்போது அதை விட்டுவிடக் கூடாது.

பழைய_ரசிகை

இழை நல்ல திசையில் போகிறது. கடைசி மிஷனையும் இழுத்து வருகிறேன், ஏனென்றால் கல்கோட்டை சொல்வதற்கு அங்கேதான் பலமான ஆதாரம் இருக்கிறது.

எங்கள் தலைமுறை ஏஜ் ஆஃப் கிங்ஸில் (இதே கேமின் பழைய வடிவம்) மவுஸ் பிடிக்கக் கற்றதே ஸ்காட்லாந்துத் தலைவர் வில்லியம் வாலஸ் கேம்பெயினில்தான். அதன் கடைசிக் கட்டம் ஃபால்கிர்க். எட்வர்டின் கேசிலை இடித்து ஸ்காட்லாந்து ஜெயிக்கும். நிஜத்தில் 1298 ஜூலை 22 அன்று வாலஸ் அங்கே தோற்றார். எட்வர்ட் கேம்பெயினின் கடைசி மிஷன் ஹேமர் ஆஃப் த ஸ்காட்ஸ் நம்மை எதிர்ப்பக்கம் நிற்க வைக்கிறது. சிறு வயதில் யாரை வில்லன் என்று நினைத்தோமோ அவருடைய படையை நாமே நடத்துகிறோம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் ஃபால்கிர்க்குக்கு முந்தைய சில நாட்கள் மிஷனில் இல்லை. அதுதான் மொத்தக் கதையுமே. எட்வர்டின் படை மிகப் பெரியது, காலாட்படை மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். வாலஸ் வழியெங்கும் ஊர்களைக் காலி செய்து பயிரை இல்லாமல் ஆக்கிவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே போனார். எதிர்க்காற்றால் உணவுக் கப்பல்கள் வந்து சேரவில்லை. வந்த கொஞ்சக் கப்பல்களில் இருந்தது பெரும்பாலும் ஒயின். பசித்த வயிற்றில் அதைக் கொடுத்ததும் வேல்ஸ் வீரர்கள் வெறியேறி ஆங்கிலேயரோடு அடிதடியில் இறங்கினார்கள். உயிரே போயிற்று. எடின்பரோவுக்குத் திரும்பிவிடலாம் என்ற நிலைக்கு எட்வர்ட் வந்துவிட்டார். அப்போதுதான் வாலஸ் படை ஃபால்கிர்க் பக்கத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது.

இன்னும் சில நாள் அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால்? லாங்போ, குதிரை, ஈட்டி வட்டம் எதற்குமே வேலை இருந்திருக்காது. வாலஸ் ஜெயிக்கப் பார்த்தது பசியை வைத்து. 1277இல் எட்வர்ட் லுவெலினுக்குச் செய்ததை வாலஸ் எட்வர்டுக்கே செய்யப் பார்த்தார் என்று நான் படிக்கிறேன்.

லாங்போ_ரசிகன்

அக்கா, இதைப் படித்ததும் என் பக்கம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. ஆனாலும் கேட்கிறேன், இதை எப்படி கேமில் வைப்பீர்கள்? ஒவ்வொரு நிமிடமும் சோறு குறைந்துகொண்டே போனால் ஆடுகிறவர் வில்லேஜரைப் பார்ப்பாரா, சண்டையைப் பார்ப்பாரா? அதோடு ஏஐ-க்கு (எதிரியாக ஆடும் கணினிக்கு) இந்த விதி புரியாது. அது பாட்டுக்கு ஆட்களைப் பெருக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

எடிட்டர்_கை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சினாரியோ எடிட்டரில் (கேமுக்குள்ளேயே சொந்த மிஷன் உருவாக்கும் கருவி) முடியும், சிரமமும் இல்லை. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

லூப் ஆகும் ஒரு ட்ரிகர் (நிபந்தனை நிறைவேறினால் தானாக நடக்கும் கட்டளை). கண்டிஷனில் டைமர், 60 நொடி. எஃபெக்டில் மாடிஃபை ரிசோர்ஸ், ஆடுகிறவரின் உணவிலிருந்து ஒரு அளவு கழி. படை பெருகப் பெருகக் கழிவும் ஏற வேண்டும் என்றால் இதே மாதிரி மூன்று ட்ரிகர் வைத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு எண்ணிக்கைக்கு ஓன் ஆப்ஜெக்ட்ஸ் கண்டிஷன் சேர்க்கலாம். 20 பேர் வரை ஒன்றுமில்லை. 40 தாண்டினால் லேசாக உறைக்கும். 80 தாண்டினால் கடிக்கும்.

உணவு தீர்ந்தால் ஆட்களைக் கொல்லக் கூடாது, அது எரிச்சலைத்தான் தரும். வரைபடத்தில் மலைப்பகுதி மட்டும் ஒரு ஏரியா. அதற்குள் நிற்கும் வீரர்களுக்கு மட்டும் டேமேஜ் ஆப்ஜெக்ட் மூலம் சிறிது சிறிதாக உயிர் குறையட்டும். கடலோரக் கோட்டைப் பக்கம் வந்துவிட்டால் நின்றுவிடும். ஆடுகிறவர் தானாகவே கடற்கரையை ஒட்டி நகரத் தொடங்குவார், எட்வர்ட் போன வழியிலேயே.

ஆறு வெட்டும் வேலையையும் வைக்கலாம். ரிட்லானில் கேசில் எழும்பியதும் வில்லேஜர்களைக் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோனால், ட்ரிகர் மூலம் ஆற்று வழி திறக்கும். அதற்குப் பிறகு ஒரு ட்ரான்ஸ்போர்ட் கப்பல் கோட்டை வாசலுக்கு வரும்போதெல்லாம் 300 உணவு.

தம்பி கேட்ட ஏஐ விஷயம். ஏஐ-க்குச் சோற்று விதி தேவையே இல்லை. ஆங்கிள்சியில் வேல்ஸ்காரர்களின் பண்ணைகளை வைப்போம். அவை நிற்கும்வரை மலையிலிருந்து தாக்குதல் படை உருவாகிக்கொண்டே இருக்கும், அதுவும் ட்ரிகர்தான். பண்ணைகளை நம் வில்லேஜர்கள் கைப்பற்றினால் அந்த ட்ரிகர் டிஆக்டிவேட். தாக்குதல் ஓயும், லுவெலின் பேச்சுவார்த்தைக்கு வருவார். மலையேறாமலேயே ஜெயிக்கலாம். மலையேறித்தான் ஜெயிப்பேன் என்பவருக்கும் வழி திறந்தே இருக்கும், செலவு கூடும்.

குவினெத்_வாசகன்

அற்புதம். ஒரு வேண்டுகோள். பண்ணைகளைக் கைப்பற்றும்போது அந்தத் தீவின் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியேறி மலையை நோக்கி நடப்பதையும் காட்டுங்கள். எழுத்தில் எதுவும் சொல்ல வேண்டாம், நடப்பதைக் காட்டினால் போதும்.

எடிட்டர்_கை

செய்துவிடலாம். தீவு வில்லேஜர்கள் கையா (எந்தத் தரப்புக்கும் சேராத) நிறத்தில் இருக்கட்டும், அவர்கள் மேல் நம் படை தானாகத் தாக்காது.

கல்கோட்டை

அப்படியென்றால் இரண்டாம் பாகத்துக்கு 1294-95 கிளர்ச்சியை எடுத்துக்கொள்ளலாமா? மாடோக் ஆப் லுவெலின் தலைமையில் வேல்ஸ் எழுந்த காலம். கார்னார்வன் அப்போது பாதிக் கட்டடம், கிளர்ச்சிக்காரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். ஹார்லெக் தப்பித்தது. காரணம் பாறையிலிருந்து கடலுக்கு இறங்கும் படிக்கட்டு. அயர்லாந்திலிருந்து கப்பலில் சாமான் வந்து அந்தப் படி வழியாக மேலே ஏறியது. உள்ளே காவல் இருந்தவர்கள் ஒரு சிறு கூட்டம்தான்.

எட்வர்டே கான்வியில் மாட்டிக்கொண்ட குளிர்காலம் அது. அவருடைய சரக்கு வண்டிகளை வழியில் வேல்ஸ்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். ஆற்றில் வெள்ளம், உதவி வர முடியவில்லை. கோட்டையில் ராஜாவுக்கென்று மிச்சமிருந்தது ஒரு சிறு பீப்பாய் ஒயின். எல்லோருக்கும் பங்கு போடச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் குடித்த தேன் கலந்த தண்ணீரையே தானும் குடித்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கான்வி கோட்டையை 15,000 பவுண்ட் போட்டுக் கட்டியவருக்கு அதற்குள் சாப்பாடு இல்லை!

பழைய_ரசிகை

இது மிஷனுக்கென்றே அமைந்த சூழல். தற்காப்பு ஆட்டம், ஆட்கள் குறைவு, வெள்ளம் வடியும்வரை டைமர். ஒயின் பீப்பாயை ஒரு தேர்வாக வையுங்கள். படையோடு பகிர்ந்தால் டேமேஜ் ட்ரிகர் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

லாங்போ_ரசிகன்

சரி, நான் சோதித்துப் பார்க்கத் தயார். ஹார்டில் ஆடி எங்கே உடைகிறது என்று சொல்கிறேன். ஒன்று மட்டும்: 40 பேருக்கு மேல் கழிவு என்று வைத்தால் லாங்போ படை ரொம்ப மெலிந்துவிடும். ஈட்டிக்காரர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவீர்களா, இல்லை வில்லாளிகள் தனிக் கணக்கா?

எடிட்டர்_கை

எல்லோரையும் சேர்த்துத்தான், வயிறு எல்லோருக்கும் ஒன்றுதானே. முதல் வரைவில் 50இல் தொடங்குகிறேன், ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கொத்தனார் அண்ணே, ஹார்லெக் படிக்கட்டுக்குப் பாறை டெரெய்னில் நடைபாதை வரைந்தால் கப்பல்துறையிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி வாசல் வர வேண்டும்? கோட்டையின் தரைப்படம் உங்களிடம் இருந்தால் அதைப் பார்த்து அளவு சொல்லுங்கள், இந்த வாரமே வரையத் தொடங்குகிறேன்.

கொத்தனார்_பேரன்

இருக்கிறது. படி கீழே தனிக் கதவில் முடியும், அங்கேதான் கப்பல் வந்து நின்றது. வடமேற்குப் பக்கம் வையுங்கள். மெயின் வாசல் கிழக்கே, மலைப்பக்கம் பார்த்தபடி. இரண்டையும் ஒரே பக்கம் வைத்துவிடாதீர்கள், முற்றுகையின் அர்த்தமே போய்விடும். அளவு போட்டு இரவுக்குள் அனுப்புகிறேன்.